அம்மா சொன்ன உண்மை

“பாப்பா கொஞ்ச நேரம் வெளியே உட்காரட்டும். நான் கேட்கப் போற கேள்வி அப்படி,” என்றார் குழந்தைகள் டாக்டர்.

“வேண்டாம் டாக்டர். அவளும் கேட்கட்டும்,” என்றாள் அம்மா.

ஒன்பது வயதுப் பெண் மேஜை ஓரத்தில் நின்று டாக்டரின் பேனாவைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தாள். ஓர் இடத்தில் இருப்புக் கொள்ளாது. இன்று படித்தது நாளைக்கு நினைவில் நிற்காது. கூட்டல் கணக்கு என்றாலே கண் கலங்கிவிடும். வகுப்பில் அவளுக்கு ‘டியூப்லைட்’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள். துணைக்கு வந்திருந்த சித்தி, அதாவது அம்மாவின் தங்கை, அவள் கையைப் பிடித்து அடக்கிக்கொண்டிருந்தாள்.

பரிசோதனை முடிவுகளை இன்னொரு முறை பார்த்துவிட்டு டாக்டர் பட்டென்று கேட்டார்.

“இவ வயித்துல இருந்தப்போ மது குடிச்சீங்களா?”

“குடிச்சேன்.”

டாக்டருக்குத் தூக்கிவாரிப் போட்டது. இந்தக் கேள்விக்குச் சிலர் எரிந்து விழுவார்கள், சிலர் அடித்துச் சத்தியம் பண்ணுவார்கள். இப்படிப் பளிச்சென்று யாருமே ஒப்புக்கொண்டதில்லை.

“எவ்வளவு?”

“அளவெல்லாம் பார்க்கலை. வேலை முடிஞ்சதும் சிநேகிதங்களோட தினமும். உண்டானதே ரொம்ப நாள் தெரியாது. தெரிஞ்ச பிறகும் நிறுத்தலை.”

சித்தி பொலபொலவென்று அழ ஆரம்பித்தாள். அம்மாவின் முகத்திலோ ஒரு சலனமும் இல்லை. சே, சித்திக்காரிக்கு இருக்கிற ஈரம் பெற்றவளுக்கு இல்லையே என்று டாக்டருக்கு எரிச்சலாக வந்தது.

“அம்மா குடிச்சா வயித்துல இருக்கிற குழந்தையும் குடிச்ச மாதிரிதான். வளர்ற மூளையை அது கெடுத்துடும். அதான் இந்த மறதி, இந்தத் துறுதுறுப்பு எல்லாம். முழுசா சரிபண்ண முடியாது. ஆனா பொறுமையா, தனியா கவனிச்சுச் சொல்லிக்கொடுத்தா நல்லா முன்னேறுவா.”

அம்மா பெண்ணைத் தன் பக்கம் திருப்பினாள். “கேட்டியாடி? நீ ஒண்ணும் மக்கு இல்லை. தப்பு உன்னோடது இல்லை, அம்மாவோடது.”

பெண் கொஞ்சம் யோசித்தாள். “அப்போ இதை டீச்சர்கிட்டயும் வந்து சொல்றியா?”

“சொல்றேன்டி என் தங்கம். நாளைக்கே வரேன்.”

இருவரும் வெளியே போனார்கள். சித்தி மட்டும் பின்தங்கி, கதவைச் சாத்திவிட்டுத் திரும்பி வந்தாள்.

“டாக்டர், எனக்கு இப்போ மூணு மாசம். ஒரு சொட்டுகூடத் தொடலை. இந்தக் குழந்தைக்கும் அப்படி ஆயிடாதே?”

“குடிக்காம இருந்தா எப்படிம்மா ஆகும்? இது பரம்பரையா வர்ற வியாதி இல்லை. உங்க அக்கா குடிச்சதுக்கு நீங்க ஏன் பயந்து சாகறீங்க?”

சித்தி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“அக்காவுக்கு அந்த வாடையே ஆகாது டாக்டர். அவ பிள்ளையே பெத்ததில்லை. பாப்பாவைப் பெத்து அவ கையில கொடுத்தது நான்தான்.”