பயம் பத்தலை

“உன் படத்தை மட்டும் போட்டியில இருந்து எடுத்துருவோமே, இசை,” என்று மறுபடியும் கெஞ்சினார் சுகிர்தா டீச்சர்.

சாத்தூர் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் அன்று குறும்படப் போட்டி. த்ரில்லர் படத்தின் முதல் இரண்டு நிமிடத்தை மட்டும் மாணவர்கள் எடுத்துக் காட்ட வேண்டும். எது அதிகம் பயமுறுத்துகிறதோ அதற்குப் பரிசு. நடுவர், பட்டாசுக் கம்பெனி முதலாளி ராஜபாண்டியன். கல்லூரிக்குக் கேமரா வாங்கிக் கொடுத்த புண்ணியவான்.

இசைவாணி எடுத்திருந்ததும் பட்டாசுக் கம்பெனிக் கதைதான். அவள் அம்மா செல்லத்தாய் வேலை பார்ப்பதோ ராஜபாண்டியனிடம். அந்தச் சம்பளத்தில்தான் வீட்டில் உலை கொதிக்கிறது.

“அவருக்குச் சுருக்குன்னு பட்டுச்சுன்னா உங்கம்மாவை நாளைக்கு உள்ள விட மாட்டாகடி.”

“அம்மா படத்தைப் பாத்துட்டாக மிஸ். காட்டுன்னுட்டாக.”



முதலில் வந்த படங்களில் பேய்கள் வரிசையாக வந்து போயின. கூட்டம் சிரித்துக்கொண்டே பார்த்தது. ராஜபாண்டியன் கொட்டாவி விட்டார்.

இசைவாணி மேடை ஏறியதும், எல்லோரிடமும் கேட்டதுபோல எந்த ஊர், யார் மகள் என்று அவர் விசாரித்தார். சொல்லித்தான் ஆக வேண்டியிருந்தது. நம்ம செல்லத்தாய் மகளா என்று நிமிர்ந்து உட்கார்ந்தார்.

படம் ஓடியது. பட்டாசுக்கு வெடிமருந்து செலுத்தும் அறை. நாலு பெண்கள் தரையில் உட்கார்ந்து, பேச்சில்லாமல் காகிதக் குழாய்களை நிரப்புகிறார்கள். வாசலில் யாரோ அட்டைப்பெட்டிகளை அடுக்குகிறார்கள். அறைக்குள் வெளிச்சம் குறைந்துகொண்டே போகிறது. ஒருத்தி திடீரென்று கையை நிறுத்தி மோப்பம் பிடிக்கிறாள். மற்ற மூவரும் வாசல் பக்கம் திரும்புகிறார்கள். வாசல் தெரியவில்லை, பெட்டிகள்தான் தெரிகின்றன. படம் அதோடு முடிந்தது.

யாரும் கைதட்டவில்லை. அரங்கில் பாதிப் பேருக்கு அம்மாவோ அக்காவோ அந்நேரம் அப்படி ஓர் அறையில்தான் இருந்தார்கள். பின்வரிசையில் ஒருத்தி அம்மாவுக்குப் போன் போட்டாள். கம்பெனிக்குள் போன் கொண்டுபோகக் கூடாது, அது வீட்டில்தான் அடித்துக்கொண்டிருக்கும் என்று அவளுக்கும் தெரியும்.

ராஜபாண்டியன் மைக்கை வாங்கினார்.

“நல்லாத்தான் எடுத்திருக்கே. ஆனா பயம் பத்தலை. சீசன் நேரத்துல நாலு பேரை வச்சு எப்பிடி வேலை ஓடும்? நம்புற மாதிரி இல்லையே. பத்துப் பேரை நெருக்கி உக்கார வச்சிருந்தா, பாக்குறவனுக்கு மூச்சு முட்டியிருக்கும்.”

சுகிர்தா தன்னை மறந்து கேட்டுவிட்டார்.

“சட்டப்படி ஒரு ரூமுக்கு நாலு பேர்தானே சார்?”

“சட்டம் கெடக்கு டீச்சர். நடக்கிறதைக் காட்டுனாத்தானே பயம் வரும்?” என்று சிரித்தவர் இசைவாணியிடம் திரும்பினார். “உங்கம்மாகிட்டக் கேட்டிருந்தா சொல்லியிருப்பாளேம்மா.”

“கேட்டேன் சார். அம்மாதான் நாலு பேரோட நிறுத்திக்கிடச் சொன்னாக. பத்துப் பேரைக் காட்டுனா, உங்க கம்பெனின்னு எல்லாரும் கண்டுபிடிச்சிருவாகளாம்.”