பாத்ரூமில் இருமிய பல்லி

"எங்க வீட்டு பாத்ரூம்ல பல்லி இருமிச்சுங்க. மூணு தடவை. இந்தக் காதால கேட்டேன்."

நெஞ்சு டாக்டரின் வரவேற்பறையில் ஆளுக்கொரு சுதியில் இருமிக்கொண்டிருந்த பன்னிரண்டு பேரும் ஒரு நிமிஷம் இருமலை மறந்துபோனார்கள். சொன்னவர் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். சொல்லிவிட்டு, சில்லறை சரியாகக் கொடுத்த பயணியைப் பார்ப்பது போல எல்லோரையும் பெருமையாகப் பார்த்தார்.

"ஆரம்பிச்சுட்டார்," என்றாள் பக்கத்திலிருந்த மனைவி. "முப்பது பேர் ஏறின பஸ்ஸை முன்னூறு பேர்னு சொல்றவருங்க. இவர் எது சொன்னாலும் ஒரு பூஜ்யத்தை அடிச்சுட்டுக் கேளுங்க."

"மூணுல ஏதும்மா பூஜ்யம்?" என்றார் கண்டக்டர்.

மனைவி பதில் சொல்ல வாயைத் திறந்தாள். நெஞ்சுக்குள்ளிருந்து 'ஙீ' என்று ஒரு விசில்தான் வந்தது. முப்பது வருஷம் பஸ்ஸில் விசில் ஊதியவருக்கு இப்போது ஒரே கவலை, படுத்தால் மனைவி ஊதும் இந்த விசில்தான்.

அவள் சுத்தம் அப்படிப்பட்ட சுத்தம். கூடத்துத் தரையில் முகம் பார்த்து ஷேவ் செய்துகொள்ளலாம். கரப்பான்பூச்சிகள் எல்லாம் மூட்டை முடிச்சோடு அடுத்த தெருவுக்குக் குடிபோய் வருஷமாகிறது. பாத்ரூமுக்கு மட்டும் தனி வைத்தியம்: ஒரு டப்பா பிளீச்சிங் பவுடர், அதன் தலையில் ஆசிட். புகை கிளம்பியதும் கதவைச் சாத்தி அரை மணி நேரம் ஊறவிடுவாள்.

"ரெண்டையும் கலக்காதீங்கம்மா, அது விஷ வாயு," என்று டாக்டர் போன மாசமே கையெடுத்துக் கும்பிட்டார். "முதல்ல அந்த டாக்டர் வீட்டு பாத்ரூமை ஒரு தடவை பார்க்கணும்," என்று சொல்லிக்கொண்டே வீட்டுக்கு வந்து அவள் அடுத்த டப்பாவைப் பிரித்தாள்.

"பல்லியாவது இருமறதாவது," என்றது எதிர் நாற்காலி. கண்ணெல்லாம் சிவந்து, முழங்கையில் கட்டுப் போட்ட ஒரு ஆள். மற்றவர்கள் எல்லாம் சிரித்தார்கள். அவர் மட்டும் சிரிக்கவில்லை.

சந்தேகப்பட ஒருத்தர் கிடைத்ததும் கண்டக்டர் நாற்காலி நுனிக்கு வந்தார்.

"போன புதன்கிழமை மத்தியானம். இவ கலவையை ஊத்திக் கதவைச் சாத்திட்டா. புகைக்கு பயந்து ரெண்டு பேரும் வீட்டுக்குப் பின்னாடி போய் உக்காந்துட்டோம். கொஞ்ச நேரத்துல உள்ளேருந்து லொக்கு, லொக்கு, லொக்கு. அப்புறம் 'ஐயோ அம்மா'ன்னு ஒரு சத்தம்."

"பல்லி 'ஐயோ அம்மா'ன்னுச்சா?"

"பக்கத்து வீட்டு டி.வி.ங்க அது," என்றாள் மனைவி.

"டி.வி.க்கு ஏதும்மா மூச்சுத் திணறல்?"

கட்டுக்காரர் விடவில்லை. "பூட்டின வீட்டுக்குள்ள இருமினா உங்களுக்கு எப்படிங்க கேட்கும்?"

"முன்கதவுக்குத்தான் பூட்டு. பின்னாடி உக்காந்தா வாசல்ல யார் வந்தாலும் தெரியாது பாருங்க, அதனால பூட்டிட்டு சுத்தி வந்துடுவோம்."

"அப்படியா சங்கதி," என்றார் அவர். பல நாள் சந்தேகம் தீர்ந்தது போல ஒரு பெருமூச்சு விட முயன்றார். பாதியிலேயே இருமலாகிவிட்டது.

"நான் ஓடிப் போய்க் கதவைத் திறந்தா ஒரு ஈ காக்கா இல்லை. பல்லி மட்டும் சுவத்துல உக்காந்து என்னையே பார்க்குது. ஜன்னல்ல ரெண்டு கண்ணாடிப் பட்டையைக் காணோம். காத்துக்காக அதுவே கழட்டியிருக்கு."

அறையே குலுங்கியது. சிரிப்பும் இருமலும் கலந்து, நர்ஸ் எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். கண்டக்டர் மட்டும் சட்டென்று குரலை இறக்கி மனைவி பக்கம் திரும்பினார்.

"ஒரு நாள் பட்டதுக்கே அந்தப் பாடு. நீ வாரத்துக்கு மூணு தடவை அதுக்குள்ள நின்னு தேய்க்கிற. உனக்கு ஒண்ணுன்னா நான் என்ன பண்ணுவேன், சொல்லு. விட்டுடேன்."

மனைவி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். கொஞ்சம் இளகிய மாதிரிதான் இருந்தது. ஆனால் பன்னிரண்டு பேர் பார்க்கும்போது அவள் எப்படி இறங்கி வருவாள்?

"சரி. உங்க பல்லி இருமினதுக்கு ஒரே ஒரு சாட்சி கொண்டு வாங்க. ரெண்டு டப்பாவையும் இன்னைக்கே தலையைச் சுத்தித் தூக்கிப் போட்டுடறேன்."

"நூத்தி இருபது பேர் கேட்டிருக்காங்க, அப்புறம் பேச்சு மாறக் கூடாது," என்றார் கண்டக்டர். சொல்லிவிட்டாரே தவிர, முகம் விழுந்துவிட்டது. இருமலுக்கு சாட்சி சொல்லப் பல்லியையா கூட்டி வர முடியும்?

"எட்டாம் நம்பர்," என்று நர்ஸ் கூப்பிட்டாள்.

முழங்கைக் கட்டுக்காரர் எழுந்தார். இரண்டடி வைத்ததும் இருமல் அவரை இரண்டாக மடித்தது. நிமிர்ந்து, வெளிவாசல் எவ்வளவு தூரம் என்று ஒரு தடவை பார்த்துக்கொண்டார். அந்த நேரம் பார்த்து மனைவியின் நெஞ்சு மறுபடி 'ஙீ' என்றது.

அவர் குனிந்து, அவள் காதருகே ரகசியமாகச் சொன்னார்:

"டப்பாவைத் தூக்கிப் போட்டுடுங்கம்மா. உங்க வீட்டுக்காரர் குறைச்சுதான் சொல்றார். பதினொரு தடவை இருமினேன்."