முழு டிஸ்க்

டிஸ்க்கை விழுங்கிய பழைய லேப்டாப் ஒருமுறை முனகிவிட்டுச் சுழலத் தொடங்கியது.

அவள் வாசல் கதவைத் தாழிட்டுவிட்டு வந்து மகனின் நாற்காலியில் உட்கார்ந்தாள். கணவர் வேலையிலிருந்து திரும்ப இன்னும் நேரமிருந்தது.

மேசையில் இரண்டு லேப்டாப்புகள். ஒன்று போன வாரம் வாங்கியது. இன்னொன்று மகனுடையது. இரண்டும் ஒரே கம்பெனி, ஒரே கறுப்பு. புதியதன் மூடியில் ஒட்டியிருந்த மெல்லிய தாளை இன்று காலைதான் உரித்துப் போட்டாள்.

டியூஷன் பிள்ளைகளுக்குப் பாடம் அனுப்ப என்று சொல்லித்தான் புதியதைக் கேட்டாள். மகன் இறந்ததிலிருந்து அவள் வாய் திறந்து எதையுமே கேட்டதில்லை. அதனால் கணவர் மறுபேச்சுப் பேசவில்லை.

கடையில் மட்டும் ஒரே பிடியாக நின்றாள். கூடவே, எல்லாவற்றையும் முதலிலிருந்து ஏற்றுகிற முழு டிஸ்க்கும் வேண்டும்.

“இப்பல்லாம் யாரு டிஸ்க் தர்றாங்கக்கா? எல்லாம் மெஷினுக்குள்ளயே இருக்கு,” என்றான் கடைக்காரன்.

“மெஷினே படுத்துட்டா?”

“நல்லாக் கேட்டீங்க போங்க! நகைக் கடைலகூட யாரும் இப்படி உரசிப் பாக்க மாட்டாங்க.” சிரித்துக்கொண்டே எங்கோ ஃபோன் செய்து வரவழைத்துக் கொடுத்தான். “பத்திரமா வெச்சுக்குங்க. இதைப் போட்டா எந்த மெஷினும் இன்னிக்குத்தான் பொறந்த மாதிரி ஆயிடும். பாஸ்வேர்டுகூடக் கேக்காது.”

“அழிச்சதையெல்லாம் திரும்ப எடுத்துடலாமாமே?”

“சும்மா அழிச்சா எடுத்துடலாம். முழுசாத் தொடச்சுட்டுப் புதுசா ஏத்தினா, எங்கப்பனே வந்தாலும் எடுக்க முடியாது.”

கணவர் அப்போது கடையின் மறுகோடியில் பைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மாலையில் வீடு திரும்பியதும் சட்டையைக்கூட மாற்றாமல் அவர் மகனின் லேப்டாப் முன்னால்தான் உட்காருவார். பிறந்த தேதி, பள்ளிக்கூடத்தின் பெயர், பிடித்த ஆட்டக்காரர், ஓட்டிய வண்டியின் எண். ஒவ்வொன்றாகத் தட்டுவார். தவறு என்று வரும். சற்று யோசித்துவிட்டு மறுபடி தட்டுவார்.

“ஏன் இப்படிப் பண்ணிக்கிட்டான்னு மட்டும் தெரிஞ்சாப் போதும். அப்புறம் நான் தூங்கிடுவேன்,” என்பார்.

நாளைக்கு அவருடைய தம்பி யாரையோ அழைத்து வருகிறார். பாஸ்வேர்டு இல்லாமலே திறக்கத் தெரிந்தவனாம்.

திரை கேட்டது. இதில் உள்ள அனைத்தும் அழிக்கப்படும். தொடரலாமா?

சொல்ல வேண்டியதை அவள் வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். ‘ரெண்டும் ஒரே மாதிரி இருந்துச்சுங்க. மாத்திப் போட்டுட்டேன்.’

நம்பிவிடுவார். சாவியைக் குளிர்சாதனப் பெட்டியிலும் தயிரை அலமாரியிலும் வைப்பவள் என்று அவளைக் கேலி செய்துதானே அப்பாவும் பிள்ளையும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். நம்பிவிட்டு, மிச்ச காலத்துக்கும் அவளை மன்னிக்காமல் இருப்பார்.

இருக்கட்டும்.

விரலை நீட்டியபோது ஃபோன் அடித்தது. அவர்தான். மூச்சிரைத்தது.

“ஏம்மா, கெடச்சிருச்சு! நாளைக்கு எவனும் வர வேண்டாம். சின்னதுல நீ அவனைப் பூச்சின்னு கூப்பிடுவியே? பூச்சி! அதான். கண்டிப்பா அதான். இப்பவே போட்டுப் பாரு.”

சுழலும் டிஸ்க்கின் சத்தம் அவருக்குக் கேட்டுவிடுமோ என்று அவள் லேப்டாப்பின் மேல் உள்ளங்கையை வைத்தாள். சூடாக இருந்தது.

“அதுவாங்க? அதை நான் மொதல் நாளே போட்டுப் பாத்துட்டேன்.”

பொய்யில்லை. முதல் நாளே போட்டுப் பார்த்தாள். முதல் தடவையிலேயே திறந்தது.

உள்ளே ஒரு வீடியோ இருந்தது. இறந்த அன்று காலையில், இதே நாற்காலியில் உட்கார்ந்து அவன் எடுத்தது. ஏதோ பேசுவதற்காகக் கேமராவைச் சரிசெய்கிறான். தலைமுடியை ஒதுக்கிவிட்டுக்கொள்கிறான். வாயைத் திறக்கிறான். அதற்குள் மூடிய கதவுக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு குரல் வருகிறது. வேலைக்குக் கிளம்புகிற அவசரத்தில், போகிற போக்கில் வீசிய ஒரே ஒரு வாக்கியம். வாசல் கதவு சாத்தப்படுகிற ஓசை. அவன் திறந்த வாயை மூடிக்கொண்டு, லேசாகச் சிரித்து, கையை நீட்டிக் கேமராவை நிறுத்துகிறான்.

அந்த வாக்கியத்தை அவள் ஒரே ஒரு முறைதான் கேட்டாள். அதன்பிறகு கணவர் கிளம்பிப் போனதும் தினமும் ஒலியை அடைத்துவிட்டு வெறும் முகத்தை மட்டும் பார்ப்பாள். இன்று காலையும் பார்த்தாள். தலைமுடியை ஒதுக்கும் இடத்தில் நிறுத்தி, நிறுத்தி.

ஃபோனில் அதே குரல் இறங்கிப்போய்க் கேட்டது. “பாத்துட்டியா? அப்ப அதுவும் இல்லையா?” குரல் இன்னும் தணிந்தது. “அன்னிக்குக் காலைல நான் அவன்கிட்ட ஒரு வார்த்தைகூடப் பேசாமப் போயிட்டேன்மா. பேசியிருந்தா இருந்திருப்பானோ என்னவோ.”

திரை இன்னும் பதிலுக்குக் காத்திருந்தது.

“சாப்பிட்டீங்களா?” என்று கேட்டபடியே அவள் அழுத்தினாள்.