இலையின் அடிப்பக்கம்

போட்டுக்கொடுத்தது பிளஸ் ஒன் வினோத்ராஜ்தான். தாளாளர் அறையில் நின்றபோதே ஹேமாவதிக்கு அதில் துளிச் சந்தேகமும் இல்லை.

"பாடத்துல இல்லாத நாவல எடுத்து நடத்துறீக. போகட்டும்னு விட்டேன்," என்றார் தாளாளர் ராஜமணி. அவர் கண் ஹேமாவதியைப் பார்க்கவில்லை. சுவரில் இருந்த கேமராத் திரையைப் பார்த்தது. ஓடைப்பட்டியில் தன் திராட்சைத் தோட்டத்துக்குக் காவலாகக் கேமரா மாட்டிவிட்டு, அதே ருசியில் பள்ளிக்கூடம் முழுக்கவும் மாட்டியவர். படம் வரும், சத்தம் வராது. அந்தக் குறை அவருக்கு ரொம்ப நாளாக உண்டு.

"அந்த நாவல்ல ஊர ஆளுற தலைவனும் நானும் ஒண்ணா? 'ரெண்டு பேருக்கும் அடுத்தவுகள வேவு பாத்தாத்தான் சோறு எறங்கும்'னு சொன்னீகளாமே?"

எப்படி மறுப்பது? வார்த்தைக்கு வார்த்தை அவளுடையதுதான். வாய் அவளுக்குக் கொஞ்சம் நீளம். பாடம் நடத்துகிற வேகத்தில் வந்து விழுந்திருக்கும்.

"யாரு சார் சொன்னா?"

"எனக்கு வேண்டியவுக சொன்னாக. நாளையில இருந்து நீங்க வர வேணாம். ஒங்க வீட்டுக்காரரு வேலைக்கு ஒரு பங்கமும் வராது. அவரு பாட்டுக்கு இருக்கட்டும்."

அவள் கணவன் சுந்தரலிங்கம் அதே பள்ளியில் கணக்கு வாத்தியார். வருகிற ஜூனில் துணை முதல்வர் நாற்காலி ஹேமாவதிக்குத்தான் என்று ஆசிரியர் அறை முழுக்கப் பேச்சாக இருந்தது. இப்போது நாற்காலியும் போச்சு, வேலையும் போச்சு.

சுந்தரலிங்கம் வராந்தாவிலேயே காத்திருந்தான். விஷயத்தைக் கேட்டதும் பல்லைக் கடித்தான்.

"அந்த வினோத்ராஜ் பயதான், வேற யாரு? அவன் அப்பன் தாளாளர் தோட்டத்தத்தான குத்தகைக்குப் பாக்குறான். விடு ஹேமா, யார்கிட்டயும் சண்டைக்குப் போகாத. கடைசி பீரியட முடிச்சுட்டு வா, வீட்டுக்குப் போவோம்."

இப்படி ஒரு புருசன் யாருக்கு வாய்க்கும் என்று நினைத்துக்கொண்டாள். மறுநாள் பாடத்தை முந்தின சாயங்காலமே அடுப்படியில் சத்தமாக நடத்திப் பார்ப்பது அவள் வழக்கம். அவன்தான் மாணவன். கீரை ஆய்ந்துகொண்டே கேட்பான், சிரிப்பான், 'இது வேணாம், வம்பு' என்று சிலதை வெட்டியும் விடுவான். அந்த அடுப்படிப் பள்ளிக்கூடமும் இனி இல்லை.

கடைசி பீரியட் பிளஸ் ஒன். அந்த நாவலில் ஒரு நகரம் வருகிறது. அங்கே வீட்டுக் கதவைச் சாத்துவது குற்றம். பக்கத்து வீட்டில் பேசியதை மேலிடத்தில் போய்ச் சொல்வது கடமை. இன்றைக்குக் கதாநாயகனைப் பிடித்துக்கொண்டு போகிற அத்தியாயம்.

வரி வரியாக வாசிக்க அவள் கற்றுக்கொடுத்த வித்தை ஒன்றே ஒன்று. வகுப்பில் பாதிப் பேர் திராட்சை விவசாயி வீட்டுப் பிள்ளைகள். "கொடியில அடிச்சாம்பல் நோய் வந்திருக்கான்னு எப்படிப் பாப்பீக? இலையத் திருப்பித்தான? வரியையும் அப்படித் திருப்பிப் பாருங்க. ஒரு ரகசியம் வெளிய வந்துருச்சுன்னா, யாரு மூஞ்சி சரியில்லன்னு பாக்காதீக. அது யாரு காதுல விழுந்துச்சுன்னு பாருங்க" என்று முதல் நாளே சொல்லியிருந்தாள்.

இன்றைக்கு அவளுக்கே அந்தப் பொறுமை இல்லை. வினோத்ராஜின் மூஞ்சியைத்தான் பார்த்தாள். 'இது பரீட்சைக்கு வருமா மிஸ்?' என்று எப்போது பார்த்தாலும் கேட்கிற உம்மணாமூஞ்சி.

"ஏலே வினோத்ராஜ், எந்திரி. கதாநாயகனக் காட்டிக்கொடுத்தது யாரு?"

"இன்னும் கண்டுபிடிக்கல மிஸ்."

"எப்படிக் கண்டுபிடிப்ப? ஒனக்குக் காட்டிக்கொடுக்கத்தான தெரியும்! தாளாளருக்கு வேவு பாத்தாத்தான் சோறு எறங்கும்னு நான் சொன்னத அவருகிட்டயே போயி ஒப்பிச்சுட்ட. நாளையில இருந்து எனக்கு இங்கன வேலையில்ல. இப்பச் சந்தோசமா? நல்லா இரு."

முன் பெஞ்சு பாண்டீஸ்வரி பக்கத்தில் இருந்தவளைப் பார்த்தாள். அவள் ஒன்றும் புரியாமல் உதட்டைப் பிதுக்கினாள்.

"நான் போயிச் சொல்லல மிஸ். சத்தியமா." வினோத்ராஜுக்குக் கண் நிறைந்துவிட்டது.

"பொய் வேற சொல்லாத! நான் சொன்னது அப்படியே அவரு வாயில வருது. கேமராவுல சத்தம் கெடையாது. அப்ப அது யாரு காதுல விழுந்துச்சு? சொல்லு."

அவன் தலையைக் குனிந்தபடி யோசித்தான். நிஜமாகவே யோசித்தான், அவள் கற்றுக்கொடுத்த மாதிரியே.

சன்னலுக்கு வெளியே பைக் ஹாரன் கேட்டது. அவளுடைய சாப்பாட்டுப் பையையும் முன்னால் மாட்டிக்கொண்டு, 'வா வா' என்று கையாட்டினான் சுந்தரலிங்கம்.

வினோத்ராஜ் நிமிர்ந்தான்.

"மிஸ், அத நீங்க எங்ககிட்டச் சொல்லவே இல்லையே."