மாப்பிள்ளை பூட்டிய ஹேண்டில்

புது மாப்பிள்ளை றிஸ்மி மாமனார் வீட்டு வளவுக்குள் தவழ்ந்துகொண்டிருந்தான். கை நிறையக் கிறீஸ். முகம் நிறையக் கடற்கரை மண்.

"இருபத்தொன்பது... முப்பது... முப்பத்தொண்டு," என்று எண்ணி முடித்தாள் மனைவி ஹுஸ்னியா. "மொத்தம் எத்தின?"

"முப்பத்தேழு."

"அப்ப மிச்சம் ஆறு பெயரிங் குண்டும் எங்க?"

றிஸ்மி மண்ணைப் பார்த்தான். சாய்ந்தமருது மண் எதையும் விழுங்கினால் லேசில் திருப்பித் தராது.

மாமனார் அப்துல் ஸமட்டின் மோட்டார் சைக்கிள் எழுபத்திநாலாம் ஆண்டில் செய்தது. அவருக்கு மகள் எப்படியோ அதுவும் அப்படித்தான். சில நாளாக ஹேண்டில் நேராக வந்ததும் இறுகிப் பிடித்துக்கொண்டு நின்றது. ஹேண்டில் தண்டைச் சுற்றியிருக்கும் பெயரிங் தேய்ந்துவிட்டது. புதுக் குண்டுகளும் அவை உருளும் கிண்ணங்களும் வாங்கி அலுமாரிக்கு மேல் வைத்திருந்தார். வயல் வெட்டு முடிந்ததும் தானே மாற்றப் போகிறாராம்.

"தன்ட வாகனத்தக் கராஜில குடுக்கிறவன் என்ன ஆம்பிள?" என்று வாரத்துக்கு இரண்டு தரமாவது கேட்பார்.

றிஸ்மிக்கு நிந்தவூர். வங்கியில் வேலை. இந்தப் பக்கத்து வழக்கப்படி கலியாணம் முடித்துப் பெண் வீட்டுக்குக் குடிவந்து இரண்டு மாதம். விருந்துச் சோறு தின்றது போதும், ஒரு நல்ல பெயரும் எடுக்கலாமே என்று நினைத்தான். மாமா வயலுக்கும் மாமி ஒரு கலியாண வீட்டுக்கும் போன சனிக்கிழமை காலை, போனில் ஒரு வீடியோவைப் பார்த்துவிட்டு ஸ்பெனரை எடுத்தான்.

வீடியோக்காரன் சீமெந்துத் தரையில் வேலை செய்தான். இவன் மண்ணில் செய்தான். புதுக் குண்டுகளைக் கிறீஸ் வைத்து ஒட்டி, தண்டை மேலே தூக்கினதுதான் தாமதம், எல்லாம் பொலபொலவென்று கொட்டின.

"மாமா அஸர் தொழுகைக்கு முந்தி வந்திருவார். இனி என்னகா செய்யிற?" என்றான் றிஸ்மி.

"கல்முனையில கிசோக்ட கராஜ் இரிக்கி. வாப்பா வாறதுக்குள்ள முடிச்சிரலாம்."

ஒரு லேண்ட் மாஸ்டர் உழவு மெஷினைப் பிடித்து, பெட்டியில் மோட்டார் சைக்கிளைக் கிடத்தி, மேலே நெல் சாக்கால் மூடிக் கொண்டு போனான் றிஸ்மி.

கிசோக் சாக்கைத் தூக்கிப் பார்த்தான். ஒரு கேள்வியும் கேட்கவில்லை. மண் பட்டதையெல்லாம் கழற்றி வீசிவிட்டு இன்னொரு புது செட் போட்டான். நட்டை அளவாக இறுக்கி, ஹேண்டிலை ஒரு விரலால் தட்டினான். அது இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் வழுக்கிக்கொண்டு போனது.

"கிசோக், இது மாமாக்குத் தெரியப்படா."

"உங்கட மாமாக்கு என்ட வாயால ஒரு சொல்லுப் போகாது நானா."

மாமனார் வந்ததும் வராததுமாக ஹேண்டிலைப் பிடித்து இடமும் வலமும் திருப்பினார். வீதியில் ஒரு சுற்றுப் போய் வந்தார்.

"ஆர் போட்ட?"

உண்மையைச் சொல்லத்தான் றிஸ்மி வாயைத் திறந்தான். "நான்தான் மாமா," என்று வந்துவிட்டது.

"மாஷா அல்லாஹ்."

அத்தோடு விட்டாரா? அஸர் தொழுதுவிட்டு வரும் வழியில் பக்கத்து வீட்டு ஜெமீலைப் பிடித்துக்கொண்டார். "உங்கட பைக்கிலயும் ஹேண்டில் இறுகுதெண்டீங்க. நாளைக்குக் கொண்டு வாங்க, எங்கட மருமகன் பூட்டித் தருவார்."

கூடவே வந்த றிஸ்மி வீடு வரும்வரை கணக்குப் பார்த்தான். பொய் சொன்னது பாவம். தான் பூட்டிய ஹேண்டிலோடு ஜெமீல் காக்கா மூன்று பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு பெரிய ரோட்டில் போவது அதைவிடப் பெரிய பாவம். மானம் போனால் போகட்டும் என்று வீட்டுக்கு வந்ததும் மாமனார் முன்னால் போய் நின்றான்.

"மாமா, நான் பொய் சொல்லிட்டன். பூட்டினது நான் இல்ல, கிசோக். குண்டெல்லாத்தையும் நான் மண்ணுல கொட்டிட்டன். ஜெமீல் காக்காட பைக்க நான் தொடமாட்டன்."

மாமனாரின் முகம் இறுகியது. கதிரையை விட்டு எழுந்தார். றிஸ்மி நிந்தவூர் பஸ்ஸை நினைத்துக்கொண்டான்.

கலியாண வீட்டிலிருந்து வந்துவிட்ட மாமி நின்ற குசினிப் பக்கம் அவர் ஒரு தரம் எட்டிப் பார்த்துவிட்டு வந்து குரலைத் தாழ்த்தினார்.

"மெதுவாக் கதைங்க மருமகன். நானும் மண்ணுல கொட்டினவன்தான். கிசோக்ட அப்பா காலத்துல இருந்து, முப்பது வருசமா எனக்கும் அவங்கதான் பூட்டித் தாற. உங்கட மாமிக்கு மட்டும் தெரியப்படா. நான் பெரிய மெக்கானிக்கெண்டு நினைச்சிட்டு இரிக்கா, பாவம்."

றிஸ்மிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. இருவரும் சத்தம் வராமல் சிரித்துக்கொண்டிருக்கும்போது மாமி சல்மா உம்மா தேத்தண்ணியோடு வந்தார்.

"கிசோக் கோல் எடுத்தான். புதுக் குண்டு படிஞ்சதும் நட்டு இளகுமாம். அடுத்த கிழம கொண்டு வரட்டாம், திருப்பி ஒருக்கா இறுக்கோணுமாம்."

மாமனார் கோப்பைக்கு நீட்டிய கையோடு நின்றார். "ஒனக்கு ஏன்கா அவன் கோல் எடுக்கிற?"

"அவன்ட அப்பாவும் எனக்குத்தானே சொல்லி அனுப்பின. உங்களுக்குச் சொன்னா வெட்கப்படுவீங்கெண்டு நான்தான் அப்படிக் கேட்டுக்கிட்ட," என்றார் சல்மா உம்மா. "பூட்டி ஒரு கிழமையால உங்களுக்குப் பின்னால ஏறி இருந்துக்கிட்டு, ஹேண்டில்ல ஏதோ சத்தம் கேக்குதெண்டு ஒவ்வொரு தரமும் நான் சொன்னது வேற என்னத்துக்கு?"