டாக்டர் வண்டி வீல்

“எவ்ளோ நேரம் பாத்துகினே இருப்பீங்க? பிடிச்சிருக்கா, இல்லியா?”

திருத்தணி பைபாஸில் பழைய வீல் விற்கும் கங்காதரனுக்கு எரிச்சல் தாங்கவில்லை. கரும்புக் காட்டுக்குள் ஓட்டும் பிக்கப்புக்கு வீல் வேண்டும் என்று வந்த கஜபதி, சுவரில் சாய்த்திருந்த அந்த நாலு கறுப்பு அலாய் வீல்களையே அரை மணி நேரமாக முறைத்துக்கொண்டிருந்தார்.

“எந்த வண்டியில கழட்டினது?”

“மெட்ராஸ் டாக்டர் ஒருத்தருதுங்க. தார் ரோட்டை விட்டு இறங்கினதே இல்ல.”

“பொய் சொல்லாதய்யா!” கஜபதி கத்தினார். “இதுல ஒரு வீலு உள்பக்கம் பெண்டாயிருக்கு. கல்லுல இடிச்ச வீலு அது!”

“என் சரக்கைப் பத்தி எனக்கே சொல்றியா? உன் வண்டியை எடுத்துகினு வா, மாட்டிக் காட்றேன். வண்டி கொஞ்சம் ஆடினாலும் என்னைச் செருப்பால அடி!”

“வண்டி வராது.”

“அப்புறம் எதுக்குய்யா என் உயிரை வாங்கறே?”

கங்காதரன் ஆத்திரத்தோடு ஒவ்வொரு வீலாகத் திருப்பினார். மூன்று ஒழுங்காக இருந்தன. நாலாவதின் உள்விளிம்பு வளைந்திருந்தது.

அவர் குரல் இறங்கியது. “தொட்டுக்கூட பாக்கலியே... எப்படிங்க தெரியும்?”

“திருவாலங்காட்டு வாய்க்கால் கல்லுல அதை இடிச்சவனே நான்தான்யா!”

கஜபதி போனை அவர் முகத்துக்கு நேராக நீட்டினார். படத்தில், கஜபதியின் வீட்டு வாசலில், ஒரு வீல்கூட இல்லாமல் செங்கல் அடுக்குகளின் மேல் நின்றுகொண்டிருந்தது பிக்கப்.