மூன்றாம் பக்கத்து முழங்கை

ஒலிபெருக்கிக்காரர் தன் கட்டம் போட்ட சட்டையைத் தையல் மேசையில் விரித்ததும், மனைவியின் தையல் கடையில் உட்கார்ந்திருந்த மோட்டார்காரர் பதறிப்போய்ச் சுவரைப் பார்த்தார்.

சட்டை முழங்கைப் பக்கம் கிழிந்திருந்தது. கிழிந்தது போகட்டும். அதே பச்சைக் கட்டம், அதே வெள்ளைக் கோடு! மேசைக்கு நேர் மேலே, சுவரில் கண்ணாடி போட்டு மாட்டியிருந்த பத்திரிகைப் படத்தின் ஓரத்தில் ஒரு முழங்கை நீட்டிக்கொண்டிருந்தது. அதிலும் இதே கட்டம்தான்.

மூன்று வாரமாக அந்த முழங்கை மோட்டார்காரருடையது. அப்படித்தான் அவர் மனைவி ஊருக்கே சொல்லிவைத்திருந்தாள்.

நகரசபை உச்சியில் இருக்கிற கடிகாரம் ஒன்பது வருஷமாக நாலு இருபதிலேயே நின்றுகொண்டிருந்தது. பக்கத்து ஊர்க்காரர்கள் எங்கே பார்த்தாலும் "உங்க ஊர்ல இப்ப மணி நாலு இருபதா?" என்று கேட்டு மானத்தை வாங்கினார்கள். அதைப் பிரித்து, துடைத்து, புதிதாக ஒரு சின்ன மோட்டாரைக் கோத்து ஓடவைத்தவர் இவர். ஆனால் உள்ளூர்ப் பத்திரிகையின் மூன்றாம் பக்கத்தில் வந்த விழாப் படத்தில் இருந்தது என்னவோ தலைவர், துணைத்தலைவர், பூங்கொத்து, மேலே கடிகாரம், ஓரத்தில் யாருடையதோ ஒரு முழங்கை. செய்தியில் இவர் பெயர் மருந்துக்குக்கூட இல்லை.

மனைவி அசரவில்லை. படத்தை வெட்டினாள், சட்டம் போட்டாள், கடைச் சுவரில் மாட்டினாள். தைக்க வருகிறவர்கள் "உங்க வீட்டுக்காரர் இதுல எங்கே?" என்று கேட்டால் அளவு நாடாவின் நுனியால் முழங்கையைத் தொட்டுக் காட்டுவாள். அப்போது அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே! தலைவருக்குக்கூட அத்தனை பெருமை இருந்திருக்காது. தெருவில் நாலு பேர் இவரை முழங்கையார் என்றே கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள்.

அதைக் கெடுக்க இவருக்கு மனசு வரவில்லை. வாயை மூடிக்கொண்டு ஊரான் முழங்கைக்கு உரிமையாளராக இருந்துவிட்டார்.

இப்போது அசல் சொந்தக்காரரே வந்து நிற்கிறார். அண்ணாந்து ஒரு பார்வை பார்த்தால் போதும், மானம் கப்பலேறிவிடும். நாளைக்கு ஊரே அவளைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கும்.

மோட்டார்காரர் கைக்கு வேலை வேண்டுமே என்று தண்ணீர்ப் போத்தலை எடுத்து மூடியைத் திருகினார். முதலில் கொஞ்சம் பின்னால், பிறகு முன்னால். எதைத் திருகினாலும் அவருக்கு அப்படித்தான். மரை சரியாக உட்கார்ந்ததா என்று பின்னால் தள்ளிப் பார்க்காமல் கை முன்னால் போகாது. இருபது வருஷமாக அதற்காகவும் வீட்டில் கேலிதான்.

"அக்கா, கடிகார விழா அன்னைக்குக் கம்பியில மாட்டிக் கிழிஞ்சது. ஒரு ஒட்டுப் போட்டுக் குடுங்க" என்றார் ஒலிபெருக்கிக்காரர். சொல்லிவிட்டு அண்ணாந்தும் பார்த்தார்.

மோட்டார்காரர் மூடியை இன்னொரு முறை பின்னால் தள்ளி முன்னால் திருகினார்.

"அட, அந்தப் படம்! நானும் அங்கேயேதான் நின்னேன். என்னை மட்டும் விட்டுட்டானுங்க பாருங்க" என்று குறைப்பட்டுக்கொண்டே அவர் படியிறங்கிப் போனார். தன் முழங்கையைத் தானே பார்த்தவர் உலகத்தில் யார்?

அவர் தலை மறைந்ததும் மோட்டார்காரரால் அதற்கு மேல் அடக்க முடியவில்லை.

"அது என் கை இல்லம்மா" என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். காலையில் சமத்தாக ஓடிய மோட்டார், பத்து மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது புகைந்து போனது. கீழே கூட்டம். கூட்டத்தில் பக்கத்து ஊர்க்காரர்கள் வேறு. விழாவுக்காகப் பத்துக்கு ஒரு நிமிஷத்தில் நிறுத்திவைத்த முள், தலைவர் பொத்தானை அழுத்தியதும் நகர வேண்டும். ஒலிபெருக்கியில் மூன்று, இரண்டு, ஒன்று என்று எண்ணுகிறார்கள். இவர் கடிகார முகப்புக்குப் பின்னால் இருட்டில் நின்று, அச்சில் ஸ்பேனரை மாட்டிக் கையாலேயே திருகினார். கீழே கைதட்டல் காதைப் பிளந்தது. பேச்சுகள் முடியும்வரை நாற்பத்தைந்து நிமிஷம், கைக்கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து, நிமிஷத்துக்கு ஒரு தள்ளு. அன்று சாயந்திரமே வேறு மோட்டார் போட்டாயிற்று. அதற்கப்புறம் ஒரு நிமிஷம் பிசகவில்லை. ஆனால் வெளியே சொன்னால் பக்கத்து ஊர் சும்மா விடுமா? அதனால்தான் யாரிடமும் மூச்சு விடவில்லை.

அவள் ஊசியில் நூலைக் கோத்து முடித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"தெரியும். நான் தைக்காத சட்டையை நீங்க என்னைக்குப் போட்டிருக்கீங்க?"

அவர் போத்தலைக் கீழே வைத்தார்.

அளவு நாடாவை எடுத்தாள். நுனியை முழங்கையில் வைத்தாள். அங்கிருந்து மெல்ல மேலே கொண்டுபோய்க் கடிகாரத்தில் நிறுத்தினாள்.

"பொத்தானை அமுக்கினதும் பெரிய முள்ளு முதல்ல கொஞ்சம் பின்னால போச்சு. அப்புறம்தான் முன்னால வந்துச்சு. கூட்டத்துல யாருக்கும் தெரியல. எனக்குக் கண்ணுல தண்ணி வந்துடுச்சு. அதை வெளிய சொல்ல முடியுமா? கேக்கிறவங்களுக்கு முழங்கையைக் காட்டாம வேற எதைக் காட்டுறது?"

அவர் எழுந்து, கண்ணாடியில் மூக்கு இடிக்கும் அளவுக்குக் கிட்டே போய்ப் பார்த்தார்.

தலைவரின் விரல் பொத்தானில் இருந்தது. பெரிய முள், நிறுத்திவைத்த கோட்டுக்கு ஒரு மயிரிழை பின்னால் நின்றது.